எமுலேட்டரில் விர்ச்சுவல் மெமரியை எப்படி எழுதுவது? தொடக்கத்திலேயே டிஎல்பி வேண்டுமா?

கேட்டவர் 64 பிட் ரிஸ்க்-ஃபைவ் எமுலேட்டர், அதாவது அந்த வகை ப்ராசஸரைப் போலவே நடந்துகொள்ளும் புரோகிராம் எழுதுகிறார். பேஜிங் (புரோகிராம் சொல்லும் முகவரியைப் பேஜ் பேஜாக ரேம் முகவரியாக மாற்றுவது) இல்லாத புரோகிராம்கள் ஓடுகின்றன. அடுத்து எக்ஸ்வி6 (கற்பிப்பதற்கான சிறிய ஓஎஸ்), அதன் பிறகு லினக்ஸ் என்பது திட்டம். மெமரியைத் தொடும் ஒவ்வொரு முறையும் பேஜ் டேபிளுக்குள் இறங்கி ஏறினால் வேகம் போய்விடாதா, அதனால் ஏற்கெனவே கண்டுபிடித்த முகவரிகளை நினைவில் வைக்கும் கேஷான டிஎல்பியோடுதான் தொடங்க வேண்டுமா என்று கேட்கிறார்.

வேண்டாம். கேஷ் எதுவும் இல்லாமல், ஒவ்வொரு தடவையும் முழுதாக இறங்கும் வடிவத்தை முதலில் எழுதுங்கள். மெதுவாகத்தான் ஓடும். ஒரு லோட் இன்ஸ்ட்ரக்‌ஷனையே எடுத்துக்கொண்டால், அதை எடுத்துவர 3 டேபிள் வாசிப்பும் 1 மெமரி வாசிப்பும், அது கேட்கும் டேட்டாவுக்கு மறுபடி 3ம் 1ம், ஆக 8 வாசிப்புகள். இருந்தாலும் எக்ஸ்வி6-இன் ஷெல் வரை இது தாராளமாகப் போகும். பின்னால் டிஎல்பி எழுதும்போது எது சரி என்று ஒப்பிட்டுப் பார்க்க இந்த மெதுவான வடிவம்தான் கையில் இருக்கும்.

சென்னையில் முகவரி தேடி அலைந்தவர்களுக்கு இந்த விஷயம் சுலபமாகப் புரியும். கேட்டில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருக்கும். நம் கையிலுள்ள எண் ஒன்று, வீட்டுக்கு இப்போதுள்ள எண் இன்னொன்று. புரோகிராம் தன் கையிலுள்ள எண்ணைச் சொல்கிறது, ரேமில் அது எங்கே இருக்கிறது என்று பேஜ் டேபிள் சொல்கிறது. ரிஸ்க்-ஃபைவின் எஸ்வி39 என்ற பேஜிங் முறையில் 39 பிட் முகவரியை 9, 9, 9, 12 என்று வெட்டுகிறோம். முதல் மூன்றும் மூன்று மட்டங்களில் எந்த வரிசை என்று காட்டும், கடைசி 12 பிட் 4096 பைட் பேஜுக்குள் இடத்தைக் காட்டும். ஒரு டேபிளில் 512 பிடிஇ (டேபிளின் ஒரு வரிசை), ஒவ்வொன்றும் 8 பைட், எனவே ஒரு டேபிளும் சரியாக ஒரு பேஜ்தான். எஸ்ஏடிபி ரெஜிஸ்டரிலுள்ள பேஜ் எண்ணை 4096ஆல் பெருக்கினால் முதல் டேபிள் கிடைக்கும். பிடிஇக்குள் பேஜ் எண் 10ஆவது பிட்டில் தொடங்குகிறது, 12இல் அல்ல. பலர் தடுக்கி விழும் இடம் இது.

பிடிஇயில் ஆர் (படிக்கலாம்) அல்லது எக்ஸ் (ஓட்டலாம்) பிட் வைத்திருந்தால் அதுவே கடைசிப் பிடிஇ, இல்லையென்றால் அடுத்த மட்டத்துக்கு இறங்க வேண்டும். மேல் மட்டத்திலேயே முடிந்தால் அது 1 ஜிபி அல்லது 2 எம்பி பெரிய பேஜ். அதன் பேஜ் எண்ணில் கீழ் பிட்கள் பூஜ்ஜியமாக இல்லாவிட்டால் பேஜ் ஃபால்ட், அதாவது முகவரி கிடைக்கவில்லை என்று ஓஎஸ்ஸுக்குச் சொல்லும் தடை, கொடுக்க வேண்டும். நம் ஊரிலேயே ஐஐடி மெட்ராஸின் சக்தி திட்டத்தில் வந்த சி-கிளாஸ் ப்ராசஸரும் பயன்படுத்துவது எஸ்வி39தான். ப்ளூஸ்பெக் மொழியில் எழுதிய அதன் டிசைன் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. ஹார்டுவேர் இதே வேலையை எப்படிப் பிரித்துச் செய்கிறது என்று ஒரு மாலை உட்கார்ந்து படிக்கலாம், நேரம் வீண்போகாது.

இவ்வளவும் நாற்பது ஐம்பது வரிதான். நாள்கணக்கில் நேரம் பிடிப்பது முகவரி கிடைக்காதபோது என்ன செய்ய வேண்டும் என்பது. யார் கேட்டார், எதற்காகக் கேட்டார், எந்த முகவரியில் தடைபட்டது, இந்த மூன்றையும் ஓஎஸ்ஸிடம் துல்லியமாகச் சொல்ல வேண்டும். இன்ஸ்ட்ரக்‌ஷன் எடுக்கும்போது தடைபட்டால் காரண எண் 12, லோடுக்கு 13, ஸ்டோருக்கு 15. டேபிளே ரேம் இல்லாத இடத்தைச் சுட்டினால் அது பேஜ் ஃபால்ட் அல்ல, அக்ஸஸ் ஃபால்ட். அதற்கு எண்கள் 1, 5, 7.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் வேதனையானது. ஒரு கல்லூரி மாணவியும் நானும் சனிக்கிழமைகளில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சந்தித்து எங்கள் எமுலேட்டரைப் பற்றிப் பேசுவோம். எக்ஸ்வி6 அதன் சோதனைகளோடு ஓடியது. லினக்ஸும் பூட் ஆனது. ஆனால் ஷெல்லில் ஒரே ஒரு கமாண்ட் மட்டும் கொடுத்ததும் அப்படியே நின்றுவிடும். கிராஷ் இல்லை, பிழைச் செய்தி இல்லை. லாக் போட்டால் 12ஆம் எண் ஃபால்ட் ஒரே இடத்தில் லட்சக்கணக்கில். மூன்று வாரம் ஆர், எக்ஸ், யூ (யூசர் அனுமதி) பிட்களுக்கான பெர்மிஷன் சோதனைகளையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவள்தான் டேபிளைப் பிரின்ட் செய்து காட்டிச் சொன்னாள்:

“அண்ணா, ஃபால்ட் ஆகுற பேஜ் ஏற்கெனவே டேபிள்ல இருக்கு. ஆர், எக்ஸ், யூ எல்லாம் சரியா இருக்கு. அப்புறம் ஏன் ஃபால்ட் வருது?”

இன்ஸ்ட்ரக்‌ஷன் இருந்த இடம் பேஜின் 4094ஆவது பைட். ரிஸ்க்-ஃபைவில் 2 பைட் இன்ஸ்ட்ரக்‌ஷன்களும் கலந்து வருவதால், 4 பைட் இன்ஸ்ட்ரக்‌ஷன் ஒன்று பாதி இந்தப் பேஜிலும் மீதி அடுத்த பேஜிலும் உட்காரலாம். அடுத்த பேஜ் இன்னும் மெமரிக்கு வரவில்லை. ஃபால்ட் கொடுத்தது சரிதான். ஆனால் எஸ்டிவால் ரெஜிஸ்டரில் நான் வைத்தது இன்ஸ்ட்ரக்‌ஷன் தொடங்கும் முகவரி. விதிப்படி எஸ்இபிசி ரெஜிஸ்டரில்தான் தொடக்க முகவரி, எஸ்டிவாலில் தடைபட்ட பகுதியின் முகவரி, அதாவது அடுத்த பேஜின் முதல் பைட். லினக்ஸ் நான் சொன்ன பேஜைப் பார்த்தது, அது இருக்கிறது, சரி போ என்று திருப்பி அனுப்பியது. உடனே மறுபடி அதே ஃபால்ட். லினக்ஸ் ஒரு ஃபால்டின்போது அக்கம்பக்கத்தில் 64 கேபி வரை தயாராக உள்ள பேஜ்களையும் சேர்த்தே மேப் செய்துவிடுவது வழக்கம். அதனால்தான் மற்ற கமாண்டுகளில் இது தலைகாட்டவில்லை. திருத்தம் ஒரே வரி. அன்று மாலை அந்தக் கமாண்ட் ஓடி முடிந்ததைப் பார்த்தபோது இருவருக்கும் பேச்சு வரவில்லை.

எக்ஸ்வி6 ஓடிவிட்டது என்பதை மட்டும் நம்பி நிம்மதியாகாதீர்கள். 39 முதல் 63 வரையுள்ள பிட்கள் எல்லாம் 38ஆவது பிட்டைப் போலவே இருக்க வேண்டும், இல்லையென்றால் ஃபால்ட். எக்ஸ்வி6 முகவரிகளை 38 பிட்டோடு நிறுத்திக்கொள்வதால் இந்தச் சோதனையில் நீங்கள் செய்த தவறு அதில் தெரியாது. லினக்ஸ் கெர்னல் இருப்பதோ மேல் பாதியில். ஏ (பேஜைத் தொட்டாயிற்று), டி (பேஜில் எழுதியாயிற்று) பிட்களும் அப்படித்தான். அவற்றை ஹார்டுவேரே வைக்கலாம், அல்லது ஃபால்ட் கொடுத்து ஓஎஸ்ஸை வைக்கச் சொல்லலாம், இரண்டுக்கும் விதியில் இடம் உண்டு. நீங்களே வைத்துவிடுங்கள். எக்ஸ்வி6 அவற்றை வைப்பதில்லை, ஃபால்ட் கொடுத்தால் பேஜிங் ஆன் ஆன மறுகணமே அது நின்றுபோகும்.

இப்போது டிஎல்பி. பேஜ் எண்ணின் கீழ் பிட்களை வைத்துத் தேடும் 256 வரிசை கொண்ட அரே போதும். ஒவ்வொரு வரிசையிலும் ரீடுக்கு ஒன்று, ரைட்டுக்கு ஒன்று, எக்ஸிக்யூட்டுக்கு ஒன்று என மூன்று டேக் (எந்தப் பேஜுக்கானது என்ற அடையாளம்), கூடவே ஹோஸ்ட் (எமுலேட்டர் ஓடும் கம்ப்யூட்டர்) மெமரிக்கான பாயின்டர். பிரபல எமுலேட்டரான கியூஎமுவில் முகவரியை மாற்றும் சாஃப்ட் எம்எம்யூவும் அடிப்படையில் இந்த மாதிரிதான். மூன்றாகப் பிரிப்பதற்குக் காரணம் டி பிட். ஒரு பேஜை முதலில் படிக்க மட்டும் செய்து, “எழுதவும் அனுமதி உண்டு” என்று கேஷில் போட்டுவிட்டால், பிறகு எழுதும்போது டி பிட்டை வைக்க யாரும் வரமாட்டார்கள். அந்தப் பேஜ் மாறியதே லினக்ஸுக்குத் தெரியாமல் போய், ஃபைலில் எழுதியது காணாமல் போகும். டி பிட் வைத்த பிறகே ரைட் டேகை நிரப்புங்கள். யுஆர்ட் (சீரியல் போர்ட்) போன்ற டிவைஸ் முகவரிகளை இந்த வழியில் சேர்க்கவே வேண்டாம்.

தெருவுக்கே புதிய எண் போட்ட பிறகும் டெலிவரி பையன் பழைய ஞாபகத்தில் போனால் பார்சல் வேறு வீட்டுக்குப் போகும். எண் மாறிவிட்டது என்று சொல்லும் இன்ஸ்ட்ரக்‌ஷன்தான் எஸ்ஃபென்ஸ்.விஎம்ஏ. ஒரு முகவரியை மட்டும் அழிக்கச் சொல்லியும் அது வரலாம். 2 எம்பி பேஜை நீங்கள் 4 கேபி துண்டுகளாகக் கேஷ் செய்திருந்தால், ஒரு துண்டை மட்டும் அழிப்பது தவறு, 512 துண்டும் போக வேண்டும். எனக்குக் கணக்கு வைக்கப் பொறுமை இல்லாததால் முழு டிஎல்பியையும் அழித்துவிடுகிறேன். தேவைக்கு மேல் அழித்தால் வேகம்தான் குறையும், விடை மாறாது. எஸ்ஏடிபி மாறினாலும், யூசர், சூப்பர்வைசர் மோட் மாறினாலும், அனுமதி விதிகளை மாற்றும் சம் (SUM), எம்எக்ஸ்ஆர், எம்பிஆர்வி பிட்கள் மாறினாலும் அப்படியே செய்யுங்கள். எம்பிஆர்வி லோட், ஸ்டோருக்கு மட்டும்தான், இன்ஸ்ட்ரக்‌ஷன் எடுப்பதற்குக் கிடையாது. லினக்ஸுக்கு முன் ஓடும் ஃபர்ம்வேரான ஓபன்எஸ்பிஐ அதைப் பயன்படுத்துகிறது, விட்டுவிட்டால் லினக்ஸ் பூட்டின்போது விசித்திரமான இடங்களில் நிற்கும்.

கடைசியாக, ஒரு டீபக் மோட் வைத்துக்கொள்ளுங்கள். டிஎல்பி விடை தரும் ஒவ்வொரு முறையும் மெதுவான பழைய வடிவத்தையும் ஓட்டி, இரண்டும் ஒத்துவராவிட்டால் லாகில் எழுதட்டும், புரோகிராமை நிறுத்த வேண்டாம். ஓஎஸ் பிடிஇயை மாற்றியதற்கும் எஸ்ஃபென்ஸ் கொடுப்பதற்கும் இடையே பழைய விடை வருவது விதிப்படி சரியே. எஸ்ஃபென்ஸுக்குப் பிறகும் ஒத்துவரவில்லை என்றால் அந்த வரியிலிருந்து தேடத் தொடங்குங்கள்.