பாலிகிளினிக்கா, கோவைத் தனியாரா? கோத்தகிரியிலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: என் தந்தைக்கு வயது 68. மெட்ராஸ் ரெஜிமென்டில் ஹவில்தாராக இருந்து 2000-ல் ஓய்வு பெற்றவர். கோத்தகிரி அருகே வசிக்கிறோம். பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. மாத்திரைகளை வெலிங்டனில் உள்ள இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டம்) பாலிகிளினிக்கில் வாங்கி வருகிறார். சில வாரங்களாகத் தேயிலைத் தோட்டத்துப் படிகளில் ஏறும்போது அவருக்கு மூச்சு வாங்குகிறது. ராணுவ மருத்துவம்தான் நம்பகமானது, அதற்கு வெளியே போக வேண்டாம் என்கிறார் அப்பா. புதிதாக ஒரு காப்பீடு எடுத்து, கோவையில் தனியார் மருத்துவமனையில் காட்டலாம் என்கிறார் அண்ணன். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: அதற்கு முன் அந்த மூச்சு வாங்குவதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மலையில் இருப்பவர்கள் இதை 'மேடு ஏறினால் அப்படித்தான்' என்று தள்ளிவிடுவது வழக்கம். கோத்தகிரியின் உயரம் ஏறத்தாழ 1,800 மீட்டர். ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருப்பவருக்கு அந்த உயரத்தினால் திடீரென்று ஒரு மாதத்தில் மூச்சு முட்டத் தொடங்காது. நீண்ட காலச் சர்க்கரை நோய் நரம்புகளைப் பாதித்திருந்தால், இதயத்துக்குச் செல்லும் ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தாலும் நெஞ்சு வலி தெரியாமல், மூச்சிரைப்பும் வியர்வையும் அசதியுமாக மட்டும் அது வெளிப்படலாம். ரத்தசோகை, நுரையீரல் கோளாறு, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவையும் காரணமாக இருக்கலாம் என்றாலும், இதயத்தை முதலில் பார்ப்பதே முறை. எனவே எந்தக் கதவைத் தட்டினாலும் இந்த வாரமே தட்டுங்கள்.

நான் இருபது ஆண்டுகளுக்கு மேல் சீருடையில் மருத்துவம் பார்த்துவிட்டு, இப்போது குன்னூரில் பொது மருத்துவராக இருப்பவன். என் அறைக்கு வரும் முன்னாள் படைவீரர்களையும் மற்றவர்களையும் அவர்கள் கையில் இருப்பதை வைத்தே பிரித்துவிடலாம். படைவீரர் பெரும்பாலும் ஒரு கோப்போடு வருவார். ஓரம் நைந்து, டேப் ஒட்டி, பழைய இ.சி.ஜி. தாள்கள் மங்கிப்போயிருந்தாலும் எல்லாம் தேதிவாரியாக இருக்கும். மற்றவர் துணிக்கடைப் பை ஒன்றை மேசையில் கவிழ்ப்பார். நான்கு மருத்துவர்களின் சீட்டுகள், பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகள், எதற்கு எடுத்தது என்றே தெரியாத ஒரு ஸ்கேன். ராணுவத்தில் மருத்துவர்களுக்கு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையோ அதற்கும் முன்போ இடமாற்றம் வந்துவிடும் என்பதால், நோயாளியை நினைவில் வைத்திருப்பது கோப்புதான். வெளியில் மருத்துவர் அதே ஊரில் முப்பது ஆண்டுகள் இருப்பார், உங்கள் பாட்டியையும் அவருக்குத் தெரிந்திருக்கும், ஆனால் எழுத்தில் ஒன்றும் இருக்காது. உங்கள் தந்தை நம்பகம் என்று சொல்வது பெரும்பாலும் அந்தக் கோப்பைத்தான். அந்த நம்பிக்கையில் தவறில்லை.

ஆனால் அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஒன்று உண்டு. படை மருத்துவம், பணியில் இருக்கும் வீரரைப் பணிக்குத் தகுதியாக வைத்திருப்பதற்காக உருவானது. 'ஷேப்' என்ற ஐந்தெழுத்து வகைப்பாட்டில் மனநலம், செவித்திறன், கை கால்கள், உடல்திறன், கண்பார்வை ஆகியவற்றுக்குத் தரம் போட்டு, உரிய காலத்தில் பரிசோதனைக்கு வரச் சொல்லி உத்தரவு போடும். வராமல் இருக்க முடியாது. ஓய்வு பெற்ற மறுநாளே அந்த உத்தரவு நின்றுவிடுகிறது. உத்தரவுக்குப் பழகிய மனிதரோ அழைப்பு வரும் வரை காத்திருக்கிறார். மாத்திரை வாங்கத் தவறாமல் பேருந்து பிடித்து வெலிங்டன் செல்லும் பலர், ஆண்டுக்கு ஒருமுறை இ.சி.ஜி. எடுத்துக்கொள்வதில்லை. வலியைச் சொல்லாமல் இருப்பதைத் தகுதி என்று கருதும் பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. (பாரக்ஸில் கற்ற பாடங்களில் மறக்க வேண்டியது அது ஒன்றுதான் என்று என் நோயாளிகளிடம் சொல்வேன், சிரிப்பார்கள், மறக்க மாட்டார்கள்.)

இனி அண்ணனின் யோசனைக்கு வருவோம். 2003 ஏப்ரல் 1-ல் தொடங்கிய இ.சி.எச்.எஸ்., ராணுவ மருத்துவமனையில் மட்டும் சிகிச்சை தரும் திட்டம் அன்று. ராணுவ மருத்துவமனைகளின் முதல் கடமை பணியில் இருப்போருக்கே. இடமும் வசதியும் இருப்பதைப் பொறுத்துத்தான் முன்னாள் வீரர்களுக்கு. பாலிகிளினிக் மருத்துவர் ரெஃபரல் (வேறு மருத்துவமனைக்கான பரிந்துரைக் கடிதம்) எழுதினால், திட்டத்தோடு ஒப்பந்தம் செய்துள்ள தனியார் மருத்துவமனையில், ஓய்வு பெற்ற பதவிக்கு உரிய வார்டில், பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். ஆஞ்சியோகிராம், ஸ்டென்ட், பைபாஸ் எல்லாம் இதில் அடக்கம். ஆகவே அண்ணன் மனத்தில் வைத்திருக்கும் மருத்துவமனையே அந்தப் பட்டியலில் இருக்கக்கூடும். இப்போது எது இருக்கிறது என்பதைப் பாலிகிளினிக்கிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ரெஃபரலுக்காக ஒரு நாள், பரிசோதனை முடிவோடு மீண்டும் ஒரு நாள், அறுவைக்கு ஒப்புதல் பெற இன்னொரு நாள் என்று மலைப்பாதையில் அலைய வேண்டியிருக்கும். எழுதிக் கொடுத்த மருந்து கையிருப்பில் இல்லை என்ற பதிலும் கிடைக்கும். அப்போது வெளியில் வாங்கிப் பணத்தைத் திரும்பப் பெறும் வழியைக் கேட்டு வாங்குவது உங்கள் பொறுப்பு. பில் தொகை தாமதமாக வருவதால், ஒப்பந்தத்தில் இருந்துகொண்டே 'படுக்கை இல்லை' என்று சொல்லும் மருத்துவமனைகளும் உண்டு. என் நோயாளி ஒருவருக்கு இரண்டு இடங்களில் அப்படி நேர்ந்து, மூன்றாவது இடத்தில்தான் சேர்த்துக்கொண்டார்கள். தனியாரில் நேராகப் போனால் காலையில் சென்று மாலைக்குள் எக்கோவும் (இதய ஸ்கேன்) ஆஞ்சியோவும் முடிந்துவிடும் என்பது உண்மைதான். அந்த வேகத்தில் தேவையற்ற பரிசோதனைகளும் சேர்ந்து வரும் என்பதும் உண்மை.

புதிய காப்பீடு இந்தப் பிரச்சினைக்கு உதவாது. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு 36 மாதங்கள் வரை காத்திருப்புக் காலம் வைக்கக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு. சர்க்கரையையும் மூச்சிரைப்பையும் மறைத்து விண்ணப்பித்தால், கோரிக்கை நிராகரிக்கப்படும்போது கட்டிய பிரீமியமும் வீண். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஹவில்தார் ஓய்வூதியம் பொதுவாக அதைத் தாண்டிவிடும். 70 வயது ஆனவர்களுக்கான மத்திய அரசின் மருத்துவக் காப்பீடான ஆயுஷ்மான் வய வந்தனா அட்டையைப் பற்றியும் யாராவது சொல்வார்கள், இ.சி.எச்.எஸ். உள்ளவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். உங்கள் தந்தைக்கு இ.சி.எச்.எஸ்.ஸை விட்டுக்கொடுக்குமாறு நான் சொல்ல மாட்டேன்.

இதுவரை சொன்னது நிதானமாகச் செய்யக்கூடிய சிகிச்சைக்கு. ஓய்வாக இருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு இறுகினாலோ, குளிர்ந்த வியர்வை கொட்டினாலோ பாலிகிளினிக், ரெஃபரல், வெலிங்டன் எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். 108-ஐ அழைத்து, அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ செல்லுங்கள். தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தின் கீழ் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாடின் ஆகிய மூன்றையும் முதல் அளவாக அங்கேயே கொடுத்துவிட்டு பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்தால் கோவை எத்தனை மணி நேரத் தொலைவு என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த மாத்திரைகள் உள்ளே போயிருப்பதற்கு அப்போது மதிப்பு அதிகம். பெரிய வசதி மலைக்கு வெளியேதான் என்பது ராணுவத்துக்கும் பொருந்தும். 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே நடந்த ஹெலிகாப்டர் விபத்தில் உயிரோடு மீட்கப்பட்ட குரூப் கேப்டன் வருண் சிங்குக்கு வெலிங்டனில் முதல் சிகிச்சை அளித்து, பின்னர் பெங்களூரு ராணுவ மருத்துவமனைக்குத்தான் கொண்டு சென்றார்கள்.

அவசரத்தில் ஒப்பந்தம் இல்லாத மருத்துவமனையில் சேர்த்தாலும் செலவைத் திரும்பக் கோரலாம். 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் கொடுங்கள். அவசரநிலைச் சான்று, டிஸ்சார்ஜ் சுருக்கம், அசல் பில்கள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். திரும்பக் கிடைப்பது மத்திய அரசு ஊழியர்களுக்கான மருத்துவத் திட்டமான சி.ஜி.எச்.எஸ். கட்டண அளவுக்குத்தான், மீதி உங்கள் கையிலிருந்து.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: இந்த வாரமே அப்பாவைத் தனியாக அனுப்பாமல் நீங்களும் பாலிகிளினிக்குக்குச் செல்லுங்கள். இ.சி.ஜி.யும், ஹீமோகுளோபின், கிரியாட்டினின், மூன்று மாதச் சர்க்கரை அளவும் கேளுங்கள். எக்கோவுக்கும் இதய மருத்துவருக்கும் ரெஃபரல் கேளுங்கள். மருத்துவர் விசாரிக்கும்போது அப்பா 'ஒன்றுமில்லை சார், நன்றாக இருக்கிறேன்' என்பார். போவதற்கு முன் தோட்டத்துப் படியில் எத்தனையாவது படியில் நிற்கிறார் என்று எண்ணி வைத்து, சென்ற ஆண்டு நிற்காமல் ஏறினார் என்பதையும் சேர்த்து நீங்கள் சொல்லி, அதைக் கோப்பில் எழுதச் செய்யுங்கள்.