டோல்கேட் ஊழியர் வண்டிச் சாவியையும் ஆர்.சி.யையும் பிடித்து வைக்கலாமா? நெடுஞ்சாலை ஆணையத்துக்குச் சட்டப்படி என்ன அதிகாரம்?

கேள்வியின் சுருக்கம்: கூடலூரிலிருந்து வாரம் மூன்று நாள் பிக்கப்பில் நேந்திரங்காய் ஏற்றி மைசூரு மண்டிக்குப் போகிறவர் கேட்டிருக்கிறார். வழியில் ஒரு டோல்கேட்டில் ஃபாஸ்டேக் படிக்கவில்லை. இரட்டைக் கட்டணம் கேட்டார்கள். மறுத்ததும் சாவியை உருவிக்கொண்டு ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டார்கள். இதற்கு அதிகாரம் உண்டா? நீலகிரி அடிவாரத்துக் கல்லாற்றில் இ-பாஸ், பந்திப்பூரில் பசுமை வரி என்று வாங்குவதும் இதே ஆணையம்தானா?

சாவியைத் தொட அவர்களுக்கு அதிகாரம் இல்லை. ஆர்.சி.யை வாங்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. ஆனால் கட்டணம் கட்டாத வண்டியைக் கடக்க விடாமல் நிறுத்த அதிகாரம் உண்டு. டோல்கேட் தகராறுகளில் பெரும்பாலானவை இந்த வித்தியாசம் இரு தரப்புக்கும் தெரியாததால் வருபவை. அதனால் அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

தேசிய நெடுஞ்சாலையில் கட்டணம் விதிக்கும் உரிமை மத்திய அரசுக்கு மட்டுமே. 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைச் சட்டம், 7ஆம் பிரிவு அதைத் தருகிறது. அதையும் அரசிதழில் அறிவிக்கை வெளியிட்டுத்தான் செய்ய வேண்டும். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தேசிய நெடுஞ்சாலை ஆணையம் அரசின் சார்பில் அந்தக் கட்டணத்தை வசூலிக்கிறது. சாவடியில் சீருடையில் நிற்பவர் ஆணையத்தின் ஊழியர்கூட இல்லை, ஒப்பந்தக்காரரின் ஆள். அந்த ஒப்பந்தக்காரருக்கு 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஏ பிரிவு இரண்டு உரிமைகளைத் தருகிறது: அறிவிக்கையில் சொன்ன கட்டணத்தை வாங்குவது, மோட்டார் வாகனச் சட்டத்தின் 8ஆம் அத்தியாயத்துக்கு உட்பட்டு அந்தச் சாலையில் போக்குவரத்தை ஒழுங்குபடுத்துவது. லேனை மூடலாம், கேட்டை இறக்கலாம், "ஓரமாக நிறுத்துங்கள்" என்று சொல்லலாம்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் ஆவணத்தைப் பறிமுதல் செய்வது 206ஆம் பிரிவு. வண்டியைப் பிடித்து வைப்பது 207ஆம் பிரிவு. இரண்டும் 13ஆம் அத்தியாயத்தில் இருக்கின்றன. அந்த அதிகாரம் போலீஸ் அதிகாரிக்கும் அரசு அதற்கென்று அதிகாரம் கொடுத்தவர்களுக்கும்தான். வண்டி எந்த வகுப்பு என்று சரிபார்க்க ஆர்.சி.யைப் பார்க்கக் கேட்பதில் தவறில்லை, காட்டுங்கள். டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகனிலோ காட்டினாலே செல்லும். அசலைக் கையில் கொடுக்காதீர்கள். சாவியை எடுத்து உங்களை நகர விடாமல் செய்தால் அது பாரதிய நியாய சன்ஹிதா 126ஆம் பிரிவின்படி சட்டவிரோதத் தடை. அந்த இடத்திலிருந்தே 112க்கு அழைக்கலாம். போலீஸ் வரும்வரை இறங்கித் தள்ளுமுள்ளு வேண்டாம். சாவி யார் கையில் இருக்கிறது, லேன் எண் என்ன என்பது தெரியும்படி ஒரு வீடியோ போதும்.

நீங்கள் கட்ட மறுத்தால் அவர்கள் என்ன செய்யலாம்? கேட்டைத் திறக்க மறுக்கலாம். வண்டி லேனை அடைத்து நின்றால் இழுவை வண்டி வைத்து ஓரங்கட்டி, அந்தச் செலவையும் கேட்கலாம். கேட்டை முட்டி உடைத்துக்கொண்டு போனால் வழக்கு உங்கள் மேல்தான் வரும். இது நியாயமா என்று பலர் கோபப்படுகிறார்கள். ஆனால் "கட்டுகிறேன், ரசீது கொடு, பிறகு பார்த்துக்கொள்கிறேன்" என்று போகிறவரின் கைதான் பின்னால் ஓங்கியிருக்கும்.

இப்போது இரட்டைக் கட்டணம். டேக் இல்லை, அல்லது இருந்தும் பிளாக்லிஸ்ட் ஆகிவிட்டது, பணம் போதவில்லை என்றால் இரட்டிப்பு கேட்க விதியில் இடம் உண்டு. 2025 நவம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்த விதிப்படி ரொக்கமாகக் கொடுத்தால் இரண்டு மடங்கு, யுபிஐயில் கொடுத்தால் ஒன்றேகால் மடங்கு. ஒற்றைப் பயணம் 100 ரூபாய் என்றால் ரொக்கம் 200, யுபிஐ 125. ஆனால் டேக் செல்லுபடியாக இருக்கிறது, பணமும் இருக்கிறது, அவர்களுடைய கருவிதான் படிக்கவில்லை என்றால் கதை தலைகீழ். 2018 மே மாதத் திருத்தத்தின்படி ஒரு பைசாவும் வாங்காமல் விட வேண்டும். தொகை பூஜ்யம் என்று அச்சிட்ட ரசீதும் தர வேண்டும். உங்கள் விஷயத்தில் கேட்டிருக்க வேண்டியது அந்தப் பூஜ்ய ரசீதைத்தான். மலையில் பல இடங்களில் சிக்னல் இருக்காது. அதனால் குண்டலுப்பேட்டை தாண்டியதும் வங்கிச் செயலியைத் திறந்து, இருப்பும் 'ஆக்டிவ்' என்ற நிலையும் தெரியும் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். லேனில் நின்று ஹாரன் சத்தத்துக்கு நடுவே நிரூபிக்க அதுதான் உதவும்.

ரசீதைப் படிக்கும் பழக்கம் நம்மிடம் குறைவு. சாவடியின் பெயர், லேன் எண், தேதி, நேரம், வண்டி எண், வகுப்பு, தொகை என்று எல்லாம் அதில் இருக்கும். பிக்கப் வைத்திருப்பவர்கள் பார்க்க வேண்டியது வகுப்பு. கார், ஜீப், வேன் வகுப்பு 4. டாடா ஏஸ் போன்ற குட்டி யானைகள் வகுப்பு 20. அவற்றுக்குக் கார் கட்டணம்தான். அதற்கு மேற்பட்ட இரண்டு அச்சு இலகு சரக்கு வண்டி வகுப்பு 5. டேக் வாங்கும்போது முகவர் அவசரத்தில் 5 என்று போட்டுவிட்டால் குட்டி யானைக்காரர் ஒவ்வொரு சாவடியிலும் கூடுதலாகக் கட்டிக்கொண்டே இருப்பார். இதைச் சாவடியில் வாதாடித் தீர்க்க முடியாது. டேக் கொடுத்த வங்கிக்கு ஆர்.சி. நகலோடு எழுதித்தான் மாற்ற வேண்டும்.

தொகை எப்படி வருகிறது என்பதும் விதியில் இருக்கிறது. 2008ஆம் ஆண்டுக் கட்டண விதிகளில் 2007-08க்கான அடிப்படை விகிதம் நால்வழிச் சாலையில் கிலோமீட்டருக்குக் கார் 65 பைசா, இலகு சரக்கு வண்டி 1 ரூபாய் 5 பைசா, பஸ், லாரி 2 ரூபாய் 20 பைசா. ஆண்டுதோறும் ஏப்ரல் 1 அன்று 3 சதவீதமும், அதோடு மொத்த விலைக் குறியீட்டு உயர்வில் 40 சதவீதமும் ஏறும். கடைசியில் பக்கத்து 5 ரூபாய்க்கு முழுமையாக்குவார்கள். இருவழிச் சாலையானால், மேம்பாட்டுக்குக் கிலோமீட்டருக்குச் சராசரியாக ஒரு கோடி ரூபாய்க்கு மேல் செலவாகியிருக்க வேண்டும்; விகிதமும் நால்வழியில் 60 சதவீதம்தான். கோவையிலிருந்து மேட்டுப்பாளையம், குன்னூர், ஊட்டி வழியாகக் கூடலூர் போகும் 181ஆம் எண் நெடுஞ்சாலையில், மலைப்பாதை முழுவதும் டோல்கேட் இல்லை. அந்தச் சாலையைப் பராமரிப்பதும் மாநில நெடுஞ்சாலைத் துறையின் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவுதான்.

வாரம் மூன்று நாள் போகிறவருக்கு எந்தச் சலுகை லாபம் என்று கணக்குப் போட்டால், 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் போக வர ஒன்றரை மடங்குதான். 100 ரூபாய்ச் சாவடியில் போகும்போது 100, வரும்போது 50 கழியும். மாதப் பாஸ் என்பது 50 ஒற்றைப் பயணத்தின் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது சுமார் 3,333 ரூபாய். மாதம் 13 நடை என்றால் திரும்பும் சலுகையில் 1,950தான் ஆகும். ஏறக்குறைய 22 நடைக்கு மேல் போகிறவருக்குத்தான் பாஸ் கட்டுப்படியாகும். 24 மணி நேரம் முதல் தடவை கடந்த நிமிடத்திலிருந்து எண்ணப்படும். பந்திப்பூர் இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருப்பதால் மைசூரிலேயே தங்கிவிடுகிறவர்கள் இதில் கோட்டை விடுகிறார்கள். காலை 7.40க்குக் கடந்தவர் மறுநாள் 7.40க்கு முன் சாவடியைத் திரும்பக் கடந்தால்தான் பாதிக் கட்டணம்.

20 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவருக்கான உள்ளூர்ப் பாஸ் (2025-26இல் 350 ரூபாய்) சொந்த உபயோக வண்டிக்கு மட்டுமே. மஞ்சள் போர்டுக்கு அந்த மாவட்டத்தில் பதிவாகியிருந்தால் பாதிக் கட்டணம்; நீலகிரியில் பதிவான டி.என். 43 வண்டிக்கு மைசூரு மாவட்டத்தில் அது கிடைக்காது. 2025 ஆகஸ்ட் 15 அன்று 3,000 ரூபாய்க்கு அறிமுகமான, 200 தடவைக்கான ஆண்டுப் பாஸும் சொந்தக் கார், ஜீப், வேனுக்குத்தான்.

அதிக பாரம் என்று சொல்லி நிறுத்தினால், கூடுதல் கட்டணம் கேட்கவும், மிகுதியை இறக்கும்வரை கடக்க விடாமல் இருக்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. எடை மேடையில் போட்ட சீட்டைக் கேளுங்கள். தார்ப்பாயின் உயரத்தைப் பார்த்துக் கண்மதிப்பில் சொல்வதற்குக் காசு கொடுக்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 194ஆம் பிரிவின் 20,000 ரூபாயும், கூடுதல் டன்னுக்கு 2,000 ரூபாயும் சேர்ந்த அபராதம் வேறு. அதைப் போடுவது போலீஸ், ஆர்.டி.ஓ. வேலை. டோல்கேட்டில் யாராவது அந்தத் தொகையைச் சொல்லிப் பயமுறுத்தினால் ஏமாறாதீர்கள்.

வாட்ஸாப்பில் இன்னும் சுற்றுகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வரிசை 100 மீட்டர் மஞ்சள் கோட்டைத் தாண்டினால் இலவசம் என்று ஆணையம் 2021 மே மாதம் சுற்றறிக்கை விட்டது உண்மை. 2024இல் அதைத் திரும்பப் பெற்றுவிட்டது. அதை நம்பிக் கேட்டில் நின்று சண்டை போட்டால் தோற்பீர்கள்.

சாலை குண்டும் குழியுமாக இருந்தால் கட்ட மறுக்கலாமா? தனியாள் கேட்டில் நின்று மறுக்க முடியாது. நீதிமன்றம் நிறுத்தலாம். திருச்சூர் அருகே பாலியக்கரையில் 2025 ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றம் வசூலை நிறுத்தி வைத்தது. ஆணையம் உச்ச நீதிமன்றம் போயும் அந்த உத்தரவில் தலையிட நீதிபதிகள் மறுத்துவிட்டார்கள். போக முடியாத சாலைக்கு மக்கள் ஏன் பணம் கட்ட வேண்டும் என்பதுதான் அங்கே எழுந்த கேள்வி. அக்டோபரில் வசூல் திரும்பத் தொடங்கியது என்றாலும், கட்டணம் வாங்குகிறவருக்குச் சாலையைச் சரியாக வைக்கும் கடமை உண்டு என்பது அதில் உறுதியானது. நிலம்பூர் வழியாகக் கீழே இறங்குகிற கூடலூர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய வழக்கு இது.

கல்லாறு விஷயத்துக்கு வருகிறேன். அங்கேயும் குஞ்சப்பனையிலும் பார்க்கும் இ-பாஸுக்கும் நெடுஞ்சாலை ஆணையத்துக்கும் சம்பந்தமே இல்லை. அது சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் மாவட்ட நிர்வாகம் நடத்துவது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பு இருந்தது. டி.என். 43 வண்டிக்கு இ-பாஸ் தேவையில்லை; பாஸ் எடுக்கக் கட்டணமும் கிடையாது. பந்திப்பூர் சாவடியில் வாங்கும் பசுமை வரி கர்நாடக வனத்துறையுடையது. இரவுத் தடை, கல்லட்டிப் பாதையில் வெளி வண்டிகள் இறங்கக் கூடாது என்பது போன்ற கட்டுப்பாடுகள் மாவட்ட நிர்வாகத்துடையவை. இத்தகைய தடைகளுக்கு இடம் தருவது மோட்டார் வாகனச் சட்டம் 115ஆம் பிரிவு. ஒவ்வொரு கம்பத்துக்கும் ஒரு சட்டம் இருக்கிறது. டோல் ரசீதைக் காட்டி இ-பாஸைத் தவிர்க்க முடியாது, இ-பாஸைக் காட்டி டோலைத் தவிர்க்கவும் முடியாது.

ஆணையத்தின் கை உண்மையிலேயே நீளமாக இருப்பது நிலத்தில். நிலம் எடுக்க 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஏ பிரிவில் வெளியிடும் அறிவிக்கை அரசிதழில் வந்த 21 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்க வேண்டும். வீடு தேடி நோட்டீஸ் வரும் என்று காத்திருந்து அந்த 21 நாளைத் தொலைப்பவர்களே அதிகம். இரண்டு உள்ளூர் நாளிதழில் வெளியிட்டாலே போதும் என்று சட்டம் சொல்கிறது. 3டி அறிவிப்பு வந்த கணத்தில் நிலம் அரசுடையதாகிவிடும். பிறகு பேச முடிவது பெரும்பாலும் தொகையைப் பற்றி மட்டுமே. கூடலூரில் பழைய ஜமீன் போன்ற ஜன்மம் நிலத்தில், ஜன்ம ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் சிக்கிப் பட்டா இல்லாமல் இருப்பவர்கள் "நமக்கு என்ன கிடைக்கப்போகிறது" என்று சும்மா இருந்துவிடக் கூடாது. 3ஜி பிரிவில் கோரிக்கை கேட்பது பட்டாதாரரிடம் மட்டுமல்ல, நிலத்தில் உரிமை கோரும் எல்லோரிடமும்தான். வீட்டு வரி ரசீது, மின் கட்டண அட்டை, மரங்களின் எண்ணிக்கை ஆகியவற்றோடு மனுவைக் கொடுத்து ஒப்புகை வாங்கிவிடுங்கள்.

உங்கள் சாவி விவகாரத்துக்கு இனி செய்ய வேண்டியது: முதலில் நெடுஞ்சாலை உதவி எண்ணான 1033இல் புகார் பதிந்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரட்டைத் தொகை கழிந்திருந்தால் அதற்கு, டேக் கொடுத்த வங்கியில் தனியாக எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் மைசூருக்கு அலைய வேண்டியதில்லை; 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை மனுக் கட்டணம் கிடையாது. கூடவே 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமை மனுவில் மூன்றைக் கேளுங்கள்: அந்தச் சாவடிக்கான அரசிதழ் அறிவிக்கை நகல், கட்டணம் கணக்கிட்ட நீளம், குறிப்பிட்ட தேதியில் உங்கள் லேனின் ஃபாஸ்டேக் கருவிப் பழுதுப் பதிவேடு. மூன்றாவது கையில் கிடைத்தால், உங்கள் டேக்கின் மேல் தவறு இல்லை என்பதை அவர்களுடைய ஏடே காட்டிவிடும்.