1991 மாஸ்டா எம்எக்ஸ்-5 காருக்கு வெளியில் வாங்கும் அலாய் வீல் சரியாகப் பொருந்துமா என்று எப்படிப் பார்ப்பது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். கார் 1991 எம்எக்ஸ்-5, 1.6 எஞ்சின். 15×8 (விட்டம் 15, அகலம் 8 அங்குலம்), ஈடி 0 (ஆஃப்செட், கீழே விளக்குகிறேன்) அளவில் பழைய அலாய் செட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். "4×100 தானே, அப்படியே மாட்டிக்கொள்ளலாம்" என்கிறார் விற்பவர். 17 அங்குலம் போட்டால் என்ன என்ற யோசனையும் இருக்கிறது.

அந்த செட்டை வாங்காதீர்கள். 17-உம் வேண்டாம்.

என்னிடமும் அதே முதல் தலைமுறை கார்தான், பவர் ஸ்டியரிங் இல்லாதது. இங்கிலாந்தின் லெஸ்டரில் ஒன்பது வருடமாக வைத்திருக்கிறேன். உங்களிடம் சொன்ன அதே வாக்கியத்தை என்னிடமும் ஒருவர் சொன்னார், நானும் நம்பினேன். வந்தது ஒரு ஹோண்டாவிலிருந்து கழற்றிய 15 அங்குல ஒரிஜினல் வீல் செட். நான்கு ஓட்டையும் நான்கு ஸ்டட்டிலும் (வீலை மாட்டி நட்டு முறுக்கும் திருகுக் கம்பி) வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தன. காரிலிருந்த பழைய நட்டையே போட்டு முறுக்கினேன். எம்1 நெடுஞ்சாலையில் மணிக்கு 60 மைலைத் தாண்டியதும் ஸ்டியரிங் கையில் நடுங்க ஆரம்பித்தது. பேலன்சிங் கோளாறு என்று நினைத்து இரண்டு முறை பேலன்ஸ் செய்தேன். போகவில்லை.

மூன்றாவது வாரம் வீட்டு வாசலில் ஜாக்கி போட்டுக் கழற்றும்போதுதான் தெரிந்தது. முன்பக்கம் இடது வீலில் இரண்டு நட்டு கையால் திருகினாலே கழன்று வந்தன. நட் உட்காரும் குழியை டார்ச் அடித்துப் பார்த்தேன். குழி முழுக்கப் பழைய கறுப்பு. அதன் நடுவில் மட்டும் நூல் கனத்தில் ஒரு வட்டம் பளபளவென்று தேய்ந்திருந்தது, சுற்றிலும் அலுமினியப் பொடி. நட்டு வீலைத் தொட்டது அந்த நூல் அளவு இடத்தில் மட்டும்தான்.

காரணம் இரண்டு. மாஸ்டா நட்டின் அடிப்பாகம் 60 டிகிரி கூம்பு. ஹோண்டா ஒரிஜினல் வீலின் குழி உருண்டை வடிவம். கூம்பை உருண்டைக் குழியில் வைத்தால் முழுசாக உட்காராது. டார்க் ரென்ச் (முறுக்கை அளக்கும் ஸ்பேனர்) 'டிக்' என்று சொன்னாலும் அந்தப் பிடி நிற்காது. அடுத்தது நடு ஓட்டை. நம் காரின் ஹப் (வீல் போய் உட்காரும் நடுப்பகுதியின் உதடு) 54.1 மி.மீ., அந்த வீலின் ஓட்டை 56.1. சுற்றிலும் 1 மி.மீ. காலி. வீலை நடுவில் நிறுத்த ஹப்பும் இல்லை, நட்டும் இல்லை. நடுங்காமல் என்ன செய்யும்? அந்த ஸ்டட் நான்கையும் மாற்றிவிட்டேன். தளர்ந்த வீலில் ஓடிய ஸ்டட்டை நம்பி என் மகளைப் பக்கத்தில் உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அதனால் 4×100 என்ற எண்ணைக் கேட்டதும் சந்தோஷப்படாதீர்கள். நான்கு ஸ்டட், எதிரெதிர் ஸ்டட்டின் மையத்துக்கு மையம் 100 மி.மீ. என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. பழைய ஃபியட் வீல்கள் 4×98. கையில் வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது, மாட்டினால் பாதி வரை போகவும் செய்யும். முறுக்க முறுக்க ஸ்டட் வளையும். வீலை நேரில் பார்க்கும்போது ஒரு ஸ்கேலோடு போங்கள். நான்கு ஓட்டை வீலில் எதிரெதிர் ஓட்டையை நேராகவே அளந்துவிடலாம். (ஐந்து ஓட்டை என்றால் பக்கத்துப் பக்கத்து ஓட்டைகளின் மைய இடைவெளியை 1.701-ஆல் பெருக்க வேண்டும். 2005-க்குப் பிறகு வந்த மூன்றாம் தலைமுறை எம்எக்ஸ்-5 வீல் 5×114.3. அது நமக்கு ஆகாது.)

இனி ஆஃப்செட்டுக்கு வருகிறேன். உங்கள் செட் அடிபடுவது இங்கேதான். ரிம் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறது என்பதுதான் ஈடி. காரோடு வந்த கம்பெனி வீல் 14×5.5, ஈடி 45. ஐந்தரை அங்குலம் என்றால் 139.7 மி.மீ., பாதி 69.85. அதில் 45-ஐக் கழித்தால் ஹப் முகத்துக்கு வெளியே 25 மி.மீ. கூட்டினால் உள்ளே 115. இப்போது 15×8, ஈடி 0. எட்டு அங்குலத்தில் பாதி 101.6. வெளியேயும் 101.6, உள்ளேயும் 101.6. ஆக வீல் இப்போது இருப்பதைவிட ஒவ்வொரு பக்கமும் கிட்டத்தட்ட 77 மி.மீ. வெளியே வரும். மூன்று அங்குலம்! மட்கார்டுக்கு வெளியே டயர் நிற்கும். ஒரு பள்ளத்தில் இறங்கினால் மட்கார்டின் விளிம்பு டயரை அறுக்கும்.

மட்கார்டை அடித்து அகலப்படுத்தினாலும் வேறு பிரச்சினை மிச்சம் இருக்கிறது. டயரின் நடுக்கோடே 45 மி.மீ. வெளியே நகர்ந்துவிடுகிறது. ஸ்டியரிங் திரும்பும் அச்சு ரோட்டைத் தொடும் புள்ளி நகராமல் அங்கேயேதான் இருக்கும். இந்த இரண்டுக்கும் இடைவெளி கூடக் கூட, ரோட்டின் ஒவ்வொரு குழியும் ஸ்டியரிங்கை உதறும். ஒரு பக்க வீல் தண்ணீரில் இருக்கும்போது பிரேக் அடித்தால் கார் ஒரு பக்கம் இழுக்கும். வீல் பேரிங் மேல் சுமையும் கூடும். இந்தக் காரை நாம் வாங்கியதே அதன் ஸ்டியரிங்குக்காகத்தான் இல்லையா? ஒரு டன்னுக்கும் குறைந்த எடை, நான்கு பக்கமும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன். ரோட்டில் கிடக்கும் சின்னக் கல்லைக்கூட விரல் நுனிக்குச் சொல்லும் கார் அது. அதைக் கெடுத்துக்கொள்ளக் காசு கொடுக்க வேண்டாம்.

17 அங்குலம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கம்பெனி டயர் 185/60 ஆர்14 (அகலம் 185 மி.மீ., பக்கச்சுவர் அதில் 60 சதவீதம், ரிம் 14 அங்குலம்), முழு விட்டம் 577.6 மி.மீ. 205/40 ஆர்17 போட்டால் 595.8. மூன்று சதவீதம் கூடுதல், மீட்டர் அந்த அளவுக்குக் குறைத்துக் காட்டும். டயரின் பக்கச்சுவர் 111 மி.மீ. இருந்த இடத்தில் 82 ஆகிவிடும், எடையும் ஏறும். 195/50 ஆர்15 போட்டுப் பாருங்கள்: 576 மி.மீ. ஒன்றரை மி.மீ. தான் வித்தியாசம். நல்ல பிடிப்புள்ள டயர் 14 அங்குலத்தில் தேடித் திரிய வேண்டும், 15-இல் அந்தக் கஷ்டம் இல்லை. அதனால்தான் இந்தக் காருக்கு 15 என்று அடித்துச் சொல்கிறேன்.

எதை வாங்கலாம்? முதலில் பார்க்க வேண்டியது இரண்டாம் தலைமுறை எம்எக்ஸ்-5-இன் 15 அங்குல வீல், அந்தக் கார் 1998 முதல் 2005 வரை வந்தது. 15×6, ஈடி 40, நடு ஓட்டை அதே 54.1, நட்டும் அதே கூம்பு. கணக்குப் போட்டால் வெளியே 11 மி.மீ. வரும், உள்ளே ஒன்றரை மி.மீ.கூடப் போகாது. ரிங் (நடு ஓட்டையின் இடைவெளியை நிரப்பும் வளையம்) வேண்டாம், ஸ்பேசர் (ஹப்புக்கும் வீலுக்கும் நடுவில் வைக்கும் தட்டு) வேண்டாம், மாட்டி ஓட்டலாம். நான் இப்போது ஓட்டுவது அதைத்தான். வெளிக் கம்பெனி வீல்தான் பிடிக்கிறது என்றால் 15×7, ஈடி 35 அளவில் தேடுங்கள். வெளியே 29, உள்ளே 9 மி.மீ. கூடும், காரைத் தாழ்த்தாமல் 195/50 போட்டால் நிம்மதியாக ஓடும். இவற்றில் நடு ஓட்டை பெரும்பாலும் 67.1 அல்லது 73.1 இருக்கும், பல வகைக் கார்களுக்கும் பொதுவாகச் செய்வதால். அந்த அளவிலிருந்து 54.1-க்கு இறக்கும் ரிங் நான்கு வாங்கிவிடுங்கள். வீலின் பின்புறம் ஜேடபிள்யூஎல் முத்திரையும் (அலாய் வீலுக்கான ஜப்பானியத் தரக் குறி) சுமை அளவும் வார்ப்பிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் ஸ்டிக்கர் மட்டும் இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

ஸ்டட் எம்12×1.5. நட்டைக் கையால் திருகும்போது குறைந்தது எட்டுச் சுற்றாவது போக வேண்டும்; எட்டுச் சுற்று என்றால் 12 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் இதில்தான் கை வைக்கும், ஹப்பின் உதட்டையும் மூடிவிடும். மாஸ்டா சொல்லும் முறுக்கு 88 முதல் 118 நியூட்டன் மீட்டர். நான் 105 வைக்கிறேன், 50 மைல் ஓடிய பிறகு மறுபடி ஒரு தடவை பார்க்கிறேன்.

டயர் ஏற்றுவதற்கு முன் வெறும் வீலை முன்பக்கம் மாட்டிக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள், பிரேக் கேலிப்பரில் ஸ்போக் படுகிறதா என்று தெரியும். டயர் ஏற்றிய பின் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழு லாக் வரை திருப்பி, ஒரு சரிவில் மெதுவாக ரிவர்ஸ் எடுங்கள். எங்காவது உரசினால் காது சொல்லிவிடும். எம்ஓடி சோதனையில் (பிரிட்டனின் வருடாந்திர வாகனச் சோதனை) டயர் உரசினால் ஃபெயில். இன்சூரன்ஸ்காரரிடம் வீல் மாற்றியதைச் சொல்லிவிடுங்கள், ஒரு ஃபோன் போதும்.

வேறு செட் கண்ணில் பட்டால், விற்பவரிடம் வீலைக் கவிழ்த்துப் பின்புறத்தையும் நட் குழியையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பின்புறத்தில் பெரும்பாலும் அகலமும் ஈடியும் பொறித்திருக்கும். இங்கே கமெண்ட்டில் போடுங்கள், வாங்குவதற்கு முன் சேர்ந்து கணக்குப் பார்த்துவிடலாம்.