பிடுங்கப் பிடுங்கப் புல்வெளியில் கிராப்கிராஸ் வருவது ஏன்?

கிராப்கிராஸ் என்பது நண்டு கால்களை விரித்தாற்போல் தரையோடு தரையாக நாலா பக்கமும் படரும் ஒரு களைப்புல். அதன் பலம் விதையில்தான். ஒரே செடி ஆயிரக்கணக்கில் உதிர்த்துவிடும், அதனால் நீங்கள் பிடுங்குவது இன்றைய செடியை மட்டுமே, மண்ணுக்குள் கிடக்கும் அடுத்த தலைமுறையை அல்ல.

அந்த விதைக்குப் பிடித்தது வெயில் படும் வெற்று மண். சிங்கப்பூரின் ஹாக்கர் சென்டரில் (உணவுக் கடைகள் கூடிய இடம்) காலி மேசையைக் கண்டதும் யாராவது டிஷ்யூ பாக்கெட் வைத்து 'சோப்' (chope) பண்ணி, அதாவது இடம் பிடித்துவிடுகிறார்களே, அதே கதை. சரி, மேசையைக் காலியாக விடாதீர்கள்: புல்வெளியில் வளர்க்கும் கவ் கிராஸ் புல்லை ஒட்ட வெட்டாமல் 5 சென்டிமீட்டராவது விடுங்கள், களை பிடுங்கிய வழுக்கையில் அன்றைக்கே ஒரு துண்டுப் புல்லைப் பதித்துவிடுங்கள். மழை பெய்த மறுநாள் பிடுங்கினால் வேரோடு வரும். கதிர் விடுவதற்குள் முடித்துவிட வேண்டும்.

கோரை வேறு ரகம், என்னைக் கேட்டால் அதுதான் பெரிய தலைவலி. தண்டை விரலால் உருட்டினால் முக்கோணமாக இடறும். கீழே கிழங்கு இருப்பதால் தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

அப்புறம், வசந்தத்தில் ஒருமுறை முளைதடுப்பு மருந்து போட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அது குளிர்காலம் முடிந்து மண் 13 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது விதைகள் முளைக்கத் தொடங்கும் ஊர்களுக்கான கணக்கு, சிங்கப்பூர் மண்ணில் அவை வருஷம் முழுக்க முளைக்கும்.