ப, ட, இம்… 'படம்' எப்போது வரும்?

கேள்வி: என் மகன் முதலாம் ஆண்டு படிக்கிறான். உயிர், மெய் எல்லாம் கடகடவென்று சொல்கிறான். 'படம்' என்று எழுதிக் காட்டினால் "ப, ட, இம்" என்கிறான். சேர்த்துச் சொல் என்றால் விழிக்கிறான். ஆனால் மலாய் ஓரளவு வாசிக்கிறான். தோட்டத்துக்கு வந்த ஒரு முகவர், பேசும் பேனாவோடு ஒரு வாசிப்புப் பெட்டி வாங்கினால் முப்பதே நாளில் தமிழ் வாசிப்பான், தவணையிலும் கட்டலாம் என்கிறார். வாங்கலாமா?
– ஒரு தாய், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: வாங்க வேண்டாம். பையனிடம் கோளாறு இல்லை. அவனுக்குக் கொடுத்த 'இம்'மில்தான் கோளாறு.

மெய்யெழுத்தைத் தனியாகச் சொல்ல வசதிப்படாது என்பதால் முன்னால் ஓர் இகரம் போட்டு இக், இங், இச் என்று பழக்குகிறோம். அது எழுத்தின் பெயர், ஓசை இல்லை. ப, ட, இம் மூன்றையும் எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் 'படயிம்' என்றுதான் வரும். அவன் ஒழுங்காகத்தான் கூட்டுகிறான். கூட்டச் சொல்லிக் கொடுத்த சரக்குதான் தப்பு.

மலாய் ஏன் வருகிறது? பாலர் பள்ளியில் 'சுக்கு காத்தா' (அசை அசையாகப் பிரித்துப் படிக்கும்) முறையில் 'பாடாம்' என்ற சொல்லை 'பா', 'டாம்' என்று இரண்டே துண்டாகப் படிக்கிறார்கள். 'டாம்' ஒரே கட்டி. தமிழிலும் அதையே செய்யுங்கள்: 'ப', 'டம்'.

ஆனால் 'படம்' முதல் பாடமாக வேண்டாம். சொல்லின் நடுவில் வந்தாலும் ஓசை மாறாத எழுத்துகளில் தொடங்குங்கள்: ம, ந, ய, ர, ல, வ, ள, ண. முதலில் மெய்யே இல்லாத சொற்கள்: மணி, நரி, எலி, வலி. பிறகு பழைய மைலோ பெட்டியை வெட்டி, ஒரு துண்டில் 'ரம்' என்று சேர்த்தே எழுதுங்கள். வேறு மூன்று துண்டுகளில் ம, வ, க. 'ம' அட்டையை 'ரம்' பக்கம் நகர்த்தும்போது குரல் நிற்கக் கூடாது. விரலும் குரலும் ஒன்றாக ஓட வேண்டும். மரம், வரம், கரம். வால் அப்படியே இருக்க, தலை மட்டும் மாறுகிறது.

அது வந்ததும் தலையை வைத்துக்கொண்டு வாலை மாற்றுங்கள். "பா…" என்று இழுக்கச் சொல்லி, இழுக்கும்போதே நாக்கு நுனியை மேலே ஒட்டச் சொன்னால் 'பால்'. நுனி மேலே லேசாகத் தட்டிவிட்டு இறங்கினால் 'பார்'. எங்கும் ஒட்டாமல் நடுநாக்கு உயர்ந்தால் 'பாய்'. இங்கேதான் 'இல்', 'இர்', 'இய்' எல்லாம் தானாக உதிரும். மூன்று நான்கு எழுத்துச் சொல் என்றால் ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் கூட்டச் சொல்லாதீர்கள். அதற்குள் முதல் எழுத்து மறந்துபோகும். வ, வய, வயல் என்று வளர்த்துக்கொண்டே போக வேண்டும்.

அடுத்தது க, ச, ட, த, ப. சொல்லின் முதலில் வந்தாலும் இரட்டித்து வந்தாலும் பெரும்பாலும் வல்லோசை, நடுவில் தனியாக வந்தால் மெல்லோசை. பட்டியலில் படித்த வல்லின 'ட'வையே 'படம்' நடுவிலும் அழுத்தினால் காதில் 'பட்டம்' விழும். அவன் விழிப்பதற்கு இது இரண்டாவது காரணம். படம், பட்டம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். விதி சொல்ல வேண்டாம். சங்கு, பஞ்சு, வண்டி, பந்து, பாம்பு போன்றவற்றில் ங்கு, ஞ்சு, ண்டி என்று ஜோடியாகவே கொடுங்கள்.

ஒன்றை மட்டும் விரித்துச் சொல்லியாக வேண்டும்: றகரம். 'பறவை'யில் தனியாக வரும்போது சிக்கல் இல்லை. 'காற்று' என்று இரட்டித்ததும் 'ட்ர' போல ஆகிவிடுகிறது. இற், று என்று கூட்டினால் அந்த ஓசை ஒருநாளும் வராது. 'கன்று', 'நன்றி'யில் 'ன்ட்ர' போல. 'முயற்சி'யில் இன்னொரு மாதிரி. இது போதாதென்று வீட்டில் நாம் பேசுவது காத்து, நேத்து, மூணு, கண்ணுக்குட்டி. பிள்ளை 'நேற்று' என்று சரியாகவே வாசித்துவிட்டு, அப்படி ஒரு சொல் தனக்குத் தெரியாதே என்று உங்கள் முகத்தைப் பார்க்கும். தப்பு என்று நினைத்து அடுத்த தடவை மாற்றி வாசிக்கும். ஆகவே இந்தச் சொற்களை மட்டும் முதலில் வாயால் அறிமுகப்படுத்துங்கள்: "நாம நேத்துன்னு சொல்றோம், புத்தகத்துல நேற்றுன்னு இருக்கும்." இவ்வளவும் சொன்னேனே தவிர, முதல் இரண்டு மாதம் றகரத்தின் பக்கமே போக வேண்டாம்.

நாளுக்குப் பத்து நிமிடம், ஆறு சொல். நான்கு பழையது, இரண்டு புதியது. தூக்கம் வரும் நேரத்தில் வேண்டாம். பசியாறிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்தப் பெட்டி. பேனாவை மெய்யெழுத்தில் வைத்துப் பாருங்கள், 'இம்' என்றுதான் சொல்லும். உங்கள் பையனிடம் இலவசமாக இருக்கும் பிழையைத் தவணையில் வாங்கப் போகிறீர்கள். செய்முறைக் காட்சியில் பிள்ளைகள் சரளமாக வாசிப்பது படத்தைப் பார்த்து மனப்பாடமாக. முகவரிடம் ஒன்று கேளுங்கள்: ரசீதின் பின்புறம் 'மலிரு', 'வணமி' என்று பொருளில்லாத சொற்களை எழுதிக் கொடுத்து, அவர் காட்டும் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்தைக் கூட்டத் தெரிந்த பிள்ளை வாசித்துவிடும். பெரும்பாலான முகவர்கள் அந்த இடத்திலேயே பேச்சை மாற்றுவார்கள். அடையாளக் கார்டு நகலைக் கொடுக்காதீர்கள். கையெழுத்தே போட்டுவிட்டீர்களா? வீட்டுக்கு வந்து விற்றவரோடு செய்த ஒப்பந்தத்தை 1993-ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டப்படி 10 வேலை நாளுக்குள் எழுத்து மூலம் ரத்து செய்யலாம்.

பள்ளி பார்த்துக்கொள்ளும் என்று காத்திருக்கவும் முடியாது. ஒரே காலையில் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் ஏழு வயதுப் பிள்ளையின் தலையில் இறங்குகின்றன. 2010-ல் கல்வி அமைச்சு கொண்டுவந்த லினஸ் திட்டம் மலாய் எழுத்தறிவையும் எண்ணறிவையும் சோதித்தது. 2013-ல் ஆங்கிலமும் சேர்ந்தது. தமிழை ஒவ்வொரு பிள்ளையாக உட்காரவைத்து வாசிக்கக் கேட்க எந்த ஆசிரியருக்கு நேரம் விட்டார்கள்? சொல்வதெழுதலில் பத்துக்குப் பத்து வாங்கிய நோட்டைப் பார்த்து மனம் நிறைந்துவிடாதீர்கள். முந்தின இரவு ஐந்து ஐந்து தடவை எழுதிய பத்துச் சொல் அவை.

இரண்டு மாதம் இப்படிச் செய்தும் நகரவில்லை என்றால், அவனுக்குப் பின்னால் நின்றுகொண்டு 'பல்', 'பால்', 'மணி', 'பனி' என்று மெதுவான குரலில் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தடுமாறினால் கிளினிக்கில் காதைக் காட்டுங்கள். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டிக்கொள்வதுண்டு. பெரும்பாலும் வலி இருக்காது, ஓசை மட்டும் மங்கலாகக் கேட்கும்.