எரிமலை வெடிக்கப்போறத குட்டி நிலநடுக்கம் எப்படிக் காட்டிக்குடுக்குது?
எண்ணிக்கைய மட்டும் பார்த்தா ஏமாந்துடுவோம், நிறைய தடவ ஆட்டம் காட்டிட்டு அப்படியே அடங்கிடும். நடுக்கத்துல பாறை எந்தப் பக்கமா வழுக்குச்சுங்கறதுதான் மேட்டர், அத வச்சுத்தான் அழுத்தம் எந்தத் திசையிலன்னு கண்டுபிடிப்பாங்க. சாதாரணமா பூமித்தட்டு அந்த ஏரியா பாறைய ஒரு திசையில நெருக்கிட்டே இருக்கும், மாக்மா, அதாவது அடியில உருகிக்கிடக்கிற பாறைக் குழம்பு, அதே திசையில நீளமா, செங்குத்தா ஒரு பிளவு போட்டு ஏறும், அது உப்ப உப்ப ரெண்டு பக்கச் சுவரையும் தள்ளும்ல, அதனால பக்கத்துல வர்ற சின்ன நடுக்கங்கள்ல அழுத்தத் திசை கிட்டத்தட்ட 90 டிகிரி திரும்பிடும். கரீபியன்ல மான்செராட் தீவோட சூஃப்ரியர் ஹில்ஸ்ல 1995ல தொடங்கின வெடிப்புகள்ல இந்தத் திருப்பம் பதிவாச்சு, அலாஸ்காவோட ஸ்பர் எரிமலையிலயும் 1992ல இதே கதைதான். ஆனா சுத்தி நெருக்கமா சீஸ்மோமீட்டர், அதாவது நில அதிர்வ அளக்குற கருவி, வச்சிருக்கணும், ஒண்ணு ரெண்டு கருவிய வச்சுக்கிட்டு திசையெல்லாம் சரியா சொல்ல முடியாது.