தோள்வார் பிய்ந்த முதுகுப்பை: கடைக்காரர் பொறுப்பா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் குடியிருக்கிறேன். சனி, ஞாயிறுகளில் குனோங் கொர்பு மலை ஏற வருபவர்களுக்குச் சுமை தூக்கிப் போகிறேன். பட்டணத்துக் கடை ஒன்றில் 349 ரிங்கிட் கொடுத்து 60 லிட்டர் முதுகுப்பை வாங்கினேன். "18, 20 கிலோ தூக்கணும்" என்று வாட்ஸ்அப்பில் முன்கூட்டியே கேட்டேன். "தாராளமாகத் தாங்கும்" என்று பதில் வந்தது. ஆறே வாரத்தில், மலையிறங்கும்போது இடது தோள்வார் மேல்முனையோடு பிய்ந்துவிட்டது. பை விழுந்ததில் உள்ளே இருந்த கைப்பேசித் திரை நொறுங்கியது. தோள் சுளுக்கி கிளினிக்குக்கும் போனேன். கடைக்காரர் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற பலகையைக் காட்டி, தைத்துக்கொள்ளச் சொல்கிறார். என்ன வழி? அடுத்த பை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: தம்பி, அந்தப் பையைத் தைக்கக் கொடுக்காதீர்கள். பிய்ந்த இடம்தான் உங்களுடைய முதல் சாட்சி. தைத்துவிட்டால் அது போய்விடும். "வேறு யாரோ கைவைத்துக் கெடுத்துவிட்டார்கள்" என்று சொல்லவும் கடைக்காரருக்கு இடம் கிடைத்துவிடும்.

பிய்ந்த இடத்தை வெளிச்சத்தில் வைத்து உற்றுப் பாருங்கள். துணியில் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்து, நூல் மட்டும் உருவி வந்திருந்தால் அது தையல் பழுது. துணியின் விளிம்பு இழை இழையாகப் பிரிந்து தையலை விட்டு நழுவியிருந்தால், தையலுக்கு வெளியே போதிய துணி விடாமல் வெட்டியிருக்கிறார்கள் என்று பொருள். இரண்டுமே தயாரிப்பில் வந்த குறை. வாரின் நடுப்பகுதி உராய்ந்து பஞ்சு போல் ஆகி அறுந்திருந்தால் மட்டுமே, நீங்கள் பயன்படுத்திய விதம் என்ற பேச்சு எடுபடும். உங்களுடையது மேல்முனையில், அதுவும் ஆறே வாரத்தில் விட்டிருக்கிறது. இரு பக்கத்தையும் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். உள்ளே தைத்திருக்கும் லேபிளையும் படமெடுங்கள். அன்று பையில் என்னென்ன இருந்தன, எத்தனை கிலோ என்று இப்போதே எழுதி வையுங்கள். கைப்பேசியைப் பழுதுபார்க்கக் கொடுக்கும் முன் அந்த வாட்ஸ்அப் உரையாடலை வேறோர் இடத்தில் சேமித்துவிடுங்கள். ரசீது சூட்டுத்தாளில் அடித்ததாக இருந்தால் எழுத்து மங்கிவிடும், அதையும் படமெடுத்து வையுங்கள். ரசீதே இல்லையென்றாலும் வங்கிப் பதிவோ மின்பணப்பைப் பதிவோ போதும்.

இனி சட்டம். மலேசியாவின் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 32-வது பிரிவு, விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. நீடித்து உழைப்பதும் அந்தத் தரத்தில் அடங்கும். உங்களுக்கு இதைவிடப் பலமானது 33-வது பிரிவு. இன்ன வேலைக்கு வேண்டும் என்று நீங்கள் சொல்லி, தாங்கும் என்று அவர் சொல்லி விற்றிருக்கிறார். அந்த வேலைக்கு அது தகுதியாக இருக்கும் என்ற உத்தரவாதம் அங்கேயே பிறந்துவிட்டது. பலகை அதை அழிக்காது. இந்த உரிமைகளை ஒப்பந்தம் போட்டோ அறிவிப்பு மாட்டியோ பறிக்க 6-வது பிரிவு இடம் தரவில்லை.

"கூலிக்குச் சுமை தூக்குகிறாய், நீ பயனீட்டாளரே இல்லை" என்று யாராவது வாதாடலாம். பதறாதீர்கள். பொதுவாகச் சொந்த உபயோகத்துக்கு வாங்கப்படும் வகைப் பொருளா என்பதுதான் சட்டம் பார்ப்பது. முதுகுப்பை அந்த வகைதான். நீங்கள் அதை மறுவிற்பனைக்கும் வாங்கவில்லை. ஆனால் 20 கிலோ என்று சொல்லிவிட்டு 35 கிலோ ஏற்றியிருந்தால் வழக்கு நொண்டும். அளவு மீறிப் பயன்படுத்தியதால் வந்த சேதத்துக்கு விற்றவர் பொறுப்பாக மாட்டார்.

கடைக்காரருக்கு எழுத்தில் அனுப்புங்கள்: வாங்கிய நாள், விலை, அவர் தந்த பதில், பிய்ந்த நாள், நீங்கள் கேட்பது. சரிசெய்யக்கூடிய குறையென்றால், சரிசெய்ய அவருக்கு நியாயமான அவகாசம் கொடுக்க வேண்டும் என்பது 41-வது பிரிவு. 14 நாள் கொடுங்கள். அவர் மறுத்தால் பொருளை நிராகரித்துப் பணம் கேட்கலாம். அதுவரை பையைப் பயன்படுத்தாதீர்கள். நாள் கடத்தவும் வேண்டாம், நியாயமான காலத்துக்குள் நிராகரிக்காவிட்டால் அந்த உரிமை போய்விடும். கைப்பேசித் திரையின் செலவையும் கேட்டுப் பார்க்கலாம். வார் அறுந்தால் பை விழும், உள்ளிருப்பது உடையும் என்பது முன்கூட்டியே ஊகிக்கக்கூடிய இழப்புதான். கிளினிக் செலவு வேறு கதை. உடல் காயக் கோரிக்கையை, பயனீட்டாளர் வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயமான டிரிபியூனல் விசாரிக்காது. அதற்கு நீதிமன்றம்தான் போக வேண்டும். சிறு சுளுக்குக்கு அந்த அலைச்சல் கட்டுப்படியாகாது என்பது என் கருத்து.

14 நாளில் பதில் இல்லையென்றால் பயனீட்டாளர் கோரிக்கை டிரிபியூனலுக்குப் போங்கள். உங்களுக்கு அருகில் ஈப்போ. போராங் 1 என்ற படிவத்தை நிரப்பிப் பதிந்துகொள்ளுங்கள், கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிப்பார்கள். விவகாரம் எழுந்து மூன்றாண்டுக்குள் பதிய வேண்டும். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியாது, எதிர்த்தரப்புக்கும் அப்படித்தான். இங்கே பலர் தடுக்கி விழுவது கடையின் பெயரில்தான். பெயர்ப்பலகையில் இருப்பது வேறு, பதிவுப் பெயர் வேறாக இருக்கும். ரசீதில் உள்ள பதிவு எண்ணைக் கொண்டு, வணிகங்களைப் பதியும் ஆணையமான எஸ்எஸ்எம்மில் சரிபார்த்து எழுதுங்கள். போராங்கின் நகலை அவரிடம் நேரிலோ பதிவுத் தபாலிலோ சேர்த்து, சேர்த்ததற்கான அத்தாட்சியை வைத்திருங்கள். விசாரணை நாளில் பிய்ந்த பையையே கொண்டு போங்கள். நீங்கள் போகாவிட்டால் கோரிக்கை தள்ளுபடியாகலாம். அவர் வராவிட்டால் அவரில்லாமலே தீர்ப்பளிக்கலாம். தீர்ப்பை 14 நாளில் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம்: 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஈராண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

அடுத்த பைக்கு வருவோம். லிட்டரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். குனிந்தால் கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை உள்ள நீளத்தை அளந்து, அதற்குப் பொருந்தும் முதுகளவு உள்ள பையைக் கேளுங்கள். 18 கிலோவைத் தோள் தாங்கக்கூடாது, பெரும்பங்கை இடுப்புதான் தாங்க வேண்டும். அதற்கு இடுப்புப்பட்டை அகலமாக, பஞ்சு வைத்ததாக, எலும்பின் மேல் உட்காருவதாக இருக்க வேண்டும். வெறும் நாடாப்பட்டை உதவாது. உள்ளே அலுமினியக் கம்பியோ கெட்டியான பிளாஸ்டிக் தகடோ இல்லாவிட்டால் பாரம் இடுப்புக்கு இறங்காது.

தோள்வார் உடலோடு சேரும் இடத்தைத் திருப்பிப் பாருங்கள். நெருக்கமாக, குறுக்கும் நெடுக்குமாக அடித்த கட்டுத்தையல் வேண்டும். பின்னால் ஒரு துண்டுத் துணி வைத்துத் தைத்திருந்தால் இன்னும் நல்லது. துணியின் டெனியர் எண், 9,000 மீட்டர் இழை எத்தனை கிராம் என்பதைச் சொல்கிறது. எண் பெரிதாக இருப்பதாலேயே பை வலுவாகிவிடாது, தையல் மோசமென்றால் 1000 டெனியரும் உங்கள் பையைப் போலத்தான் பிய்யும். உட்புறப் பூச்சைத் தடவிப் பாருங்கள், பிசுபிசுத்தால் வாங்காதீர்கள். நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் அந்தப் பூச்சு உரிந்துவிடும், வீட்டிலும் ஈரத்தோடு மடித்து வைக்கக்கூடாது.

10 கிலோ அரிசிப் பை ஒன்று, 5 கிலோ பை ஒன்று கொண்டுபோய் உள்ளே வைத்து, கடையிலேயே கால் மணி நேரம் நடந்து பாருங்கள். கனமானதை முதுகை ஒட்டி வையுங்கள். தூக்கும்போது ஒற்றைத் தோள்வாரைப் பிடித்துச் சுண்டி இழுக்காமல், மேலே உள்ள கைப்பிடியைப் பிடித்துத் தூக்குங்கள். இப்போதைய வழக்கிலும் "எப்படித் தூக்கினாய்" என்ற கேள்வி வரும். இந்த முறை செய்தது போலவே, எத்தனை கிலோ தாங்கும் என்ற பதிலைப் பணம் கொடுக்கும் முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.